கீரைப் பாத்தி

யதுசனின் இரத்தத்தில் ஈயம் இந்த முறை இன்னும் கூடியிருந்தது. அதைச் சொல்ல வந்த நிவேதனா தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உதயகலா வீட்டு முற்றத்தில் நின்றாள்.

கிணற்றைக் கெடுத்தது வெளியாள் அல்ல. உதயகலாவின் புருஷன் கோபிசங்கர்தான் பழைய கார் பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்த்து விற்றவன். குண்டு கடலுக்குப் போனது. மிச்சம் கிணற்றுக்குள் இறங்கியது. ஐந்து வயது மகன் யதுசன் சுருண்டு படுத்த பிறகுதான் அடுப்பு அணைந்தது. அன்றிலிருந்து உதயகலாவின் வாயில் புருஷனுக்கு "ஈயக்குண்டர்" என்றுதான் பேர். பல்கலைக்கழகத்து நிவேதனா வந்து, வைக்கோலில் வெள்ளைப் பூஞ்சணம் வளர்த்து, ஒரு பீப்பாயில் அடைத்துக் கொடுத்தாள். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பூஞ்சணம் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே குடிதண்ணீர் வரும்.

"தண்ணி சுத்தம் அக்கா, நீங்கள் குடுத்துவிட்ட போத்திலை நேற்றும் பாத்தனான். வேறை எதாலையோ போகுது. பிள்ளைக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

"கடைச் சாமான் ஒண்டும் இல்லை. ரத்தம் ஊறட்டும் எண்டு நாளாந்தம் கீரை. எங்கடை வளவுக் கீரை, மருந்தடிக்காதது."

நிவேதனா திரும்பிப் பாத்தியைப் பார்த்தாள். ஒவ்வோர் இலையும் உள்ளங்கை அகலம்.

"பாவிச்சு மாத்தின பழைய வைக்கோலை நான் வந்து எடுக்குமட்டும் பையிலை கட்டி வைக்கச் சொன்னனான் எல்லே?"

"நீர் எங்கை வந்தனீர்? உக்கிக் கறுத்து, நல்ல பசளையாக் கிடந்துது..."

உதயகலா சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையைச் சும்மா பிடுங்காமல் நகராதவள். சும்மா கிடைத்த உரத்தை விடுவாளா? தன் கையாலேயே பாத்தியில் புதைத்தாள். பூஞ்சணம் பிடித்து வைத்திருந்ததைக் கீரை எடுத்தது. கீரையைத் தேங்காய்ப்பாலில் கடைந்து, "ஆ காட்டு" என்று அவள் ஊட்டினாள். பிள்ளை துப்பிய நாட்களில் மூக்கைப் பிடித்தும் ஊட்டியிருக்கிறாள்.

திண்ணையில் இருந்த கோபிசங்கர் எழுந்தான். மண்வெட்டியை எடுத்தான்.

"கிளறாதேங்கோ அண்ணை. புழுதி பிள்ளையிலை படும்."

வைத்துவிட்டான்.

அடுத்த வளவுக்குப் போகும் வேலி இடுக்கில் ஓலை சரசரத்தது.

"உதயாக்கா, இண்டைக்கும் ஒரு பிடி ஆயட்டே? உங்கடை கீரை ஒண்டுதான் வயித்திலை நிக்குது."

ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி தக்சாயினி குனிந்து வந்தாள். மற்றக் கையில் சுளகு. அதன் விளிம்பில் நேற்றைய கீரைத்தண்டு ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது.