அழிக்க மட்டும் உரிமை

ஓசூர் தலைமை ஆபீஸின் கம்ப்யூட்டர் ஆள் பிரபாகர் ஆன்லைனில் தன் திரையைக் காட்டிக்கொண்டே கட்டம் கட்டமாக டிக் அடிக்க, அதியமான்கோட்டை கம்பெனியின் ஹெச்.ஆர். அறையில் உட்கார்ந்து ஹசீனா அதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். கார்களுக்கு வயர் கட்டித் தருகிற கம்பெனி அது. வேலை செய்கிற அறுநூறு பேரின் பெயரும் கம்ப்யூட்டரில் ஒரே டைரக்டரியில் இருந்தது. கேட்டில் கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிவது, கேண்டீனில் சோறு கிடைப்பது, குடும்பத்துக்கான மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. பெயர் போனால் அத்தனையும் போச்சு. இதுவரை அதில் கைவைக்கிற உரிமை ஓசூர்க்காரர்களுக்கு மட்டுமே இருந்தது. இன்றைக்கு அதில் ஒரு பங்கை ஹசீனாவுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

"முடிஞ்சதுங்க மேடம். இனிமே எங்களுக்கு மெயில் போட்டுக் காத்துக் கெடக்க வேணாம். நீங்களே பண்ணிக்கலாம்," என்றான் பிரபாகர்.

மேடம் என்று அவன் சொன்னதில் அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன் லைனில் நின்று வயருக்கு டேப் சுற்றியவள். அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, கெஞ்சிக் கூத்தாடி ஆபீஸுக்கு வந்தாள். எள் என்றால் எண்ணெயாக நின்றும் இன்னும் கான்ட்ராக்டில்தான் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரன் தௌபிக்குக்கு போன் போட்டு, "எனக்குப் பவர் குடுத்திருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தாள்.

மற்ற கம்பெனிகளில் ஆட்களைச் செய்கிற வேலைப்படி பிரித்து வைப்பார்கள். இங்கே பஸ்படி பிரித்திருந்தார்கள். பாதிப் பேர் மாது, மாதையன், மாதப்பன் என்றே இருக்கிற ஊரில், எந்த மாது என்று கேட்டால் 'காரிமங்கலம் பஸ் மாது' என்று சொல்வதுதான் எல்லோருக்கும் சுளுவாக இருந்தது. அதனால் டைரக்டரியிலும் பஸ்ஸுக்கு ஒரு ஃபோல்டர்.

மூன்று மணிக்கு மேனேஜர் சவுரியப்பன் ஒரு தாளோடு வந்தார். "கம்பைநல்லூர் பஸ்ஸும்மா. இருவத்தி மூணு பேரு. அஞ்சு மணிக்கு ஷிப்ட் விட்டதும் டெலிட் பண்ணிரு."

"சார்?"

"ஆர்டர் கொறஞ்சு போச்சு. ஓசூர்ல முடிவு பண்ணிட்டாங்க."

"அவங்களுக்குச் சொல்லியாச்சுங்களா சார்?"

"காலைல கேட்டு லைட்டே சொல்லிரும்," என்றார் அவர், தாளை மேஜையில் வைத்துவிட்டு.

காலையில் கிடைத்த பவர் எதற்கு என்று ஹசீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. யார் எந்தப் பெயரை அழித்தார்கள் என்பதை அந்த டைரக்டரி நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு யாராவது கேட்டால் அங்கே சவுரியப்பன் பெயர் இருக்காது, ஓசூர்க்காரன் எவன் பெயரும் இருக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெருமையாக போன் போட்டுச் சொன்னதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதின்மூன்றாவது பெயர் ராஜாமணி. லைனில் பக்கத்து மேஜை. ஹசீனா ஏழு மாதக் கர்ப்பமாக நின்றபோது அவள் பங்கு வயரையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அவள் புருஷனுக்கு நாளை மறுநாள், வியாழக்கிழமை, சேலத்தில் இதய ஆபரேஷன். செலவு மொத்தமும் கம்பெனி இன்சூரன்ஸ்.

ஹசீனா எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், ராஜாமணி அக்கா வூட்டுக்காரருக்கு வியாழக்கிழமை ஆபரேஷனுங்க. அவங்க ஒருத்தர மட்டும் ஒரு வாரம் தள்ளி..."

"லிஸ்ட் நான் போட்டதில்லம்மா. இருவத்தி மூணுன்னா இருவத்தி மூணு. ஒண்ணு கொறஞ்சாலும் மேல என்னையத்தான் கேப்பாங்க." அவர் தலையே நிமிரவில்லை.

திரும்பி வந்து ராஜாமணியின் பெயரைக் கம்பைநல்லூர் ஃபோல்டரிலிருந்து இழுத்துக் காரிமங்கலத்தில் போட்டுப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. இரண்டாவது தரமும் அதுவே. பிரபாகருக்கு போன் போட்டாள்.

"இன்னொரு ஃபோல்டர்ல வெக்கணும்னா, அங்க புதுசா உண்டாக்குற உரிமை வேணுங்க மேடம். உங்களுக்கு டெலிட் மட்டுந்தான் குடுக்கச் சொன்னாங்க."

"தப்பா ஒருத்தர எடுத்துட்டா?"

"மெயில் போடுங்க. அப்ரூவல் வந்தா திரும்பக் கொண்டாந்துரலாம். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரியின் கையில் கொடுத்திருந்தது அரிவாள் மட்டும்தான்.

நாலு மணிக்கு ராஜாமணியே வந்து நின்றாள். ஆஸ்பத்திரி பேப்பரில் கம்பெனி சீல் வேண்டுமாம். "டாக்டரு தைரியமா இருங்கன்னுட்டாருடி. துட்டுக்குத்தான் பயந்தேன். அது இருக்குதே, அப்புறம் என்ன," என்றாள். ஹசீனா சீலை வைத்தாள். மசி சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தரம் அழுத்தி வைத்தாள். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஐந்தே காலுக்கு ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும், நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மனுஷன் யாரும் கேட்காததை அதாவது கேட்டதே என்று இருந்தது. இருபத்திரண்டு தரம் ஆமாம் என்றாள். பதின்மூன்றாவது பெயரைத் தொடவில்லை. "முடிஞ்சுதுங்க சார்," என்று அவள் சொன்னதும் சவுரியப்பன் எண்ணிப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வியாழக்கிழமை வரைக்கும் யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் அன்று சோறு இறங்கியது.

புதன்கிழமை காலையில் கம்பைநல்லூர் பஸ் வழக்கம்போல வந்தது. டிரைவருக்கும் யாரும் சொல்லவில்லை. காரிமங்கலம் பஸ்ஸில் முன்னாடியே வந்து உள்ளே நுழைந்திருந்த ஹசீனா, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். முதலில் ராமக்காள் கார்டை வைத்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. அடுத்தவளுக்கும் அதே. செக்யூரிட்டி ஒவ்வொருவராக ஓரமாக நிற்கச் சொன்னான். ராஜாமணி தன் கார்டை வைத்தபோது பச்சை எரிந்தது. கேட்டின் சுழல் கம்பி சுற்றி அவளை உள்ளே தள்ளியது. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மறுபடி சிவப்பு.

இருபத்திரண்டு பேர் வெளியே, ஒருத்தி உள்ளே. இப்படித்தான் ஆகும் என்பது நேற்றே தெரிந்திருக்க வேண்டியது. ஹசீனா பெயர்களைத்தான் பார்த்தாள், கேட்டை நினைக்கவே இல்லை.

"உனக்கு மட்டும் எப்பிடி ராஜாமணி?" என்றாள் ராமக்காள். "நேத்து நாலு மணிக்கு ஆபீஸுக்குப் போனியே. எங்க பேரையெல்லாம் எழுதிக் குடுக்கத்தான் போனியா?"

"அய்யோ, சீல் வாங்கப் போனேன்க்கா."

ராமக்காளின் மகன்தான் மறுநாள் சேலத்துக்கு வந்து ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுப்பதாக இருந்தது.

ராஜாமணி திரும்பி ஹசீனாவைப் பார்த்தாள். "ஹசீனா, நீயே சொல்லுடி. நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லு."

மாடி ஜன்னலில் சவுரியப்பன் காபி டம்ளரோடு நின்று வெளியே நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒருத்தி இருப்பது இன்னும் அவர் கண்ணில் படவில்லை. வாயைத் திறந்தால் அந்த ஒரு பெயரும் போய்விடும், ஆபரேஷனும் போய்விடும், அதோடு தன் வேலையும். இதில் எதற்காகத் தன் வாய் அடைத்துப் போயிற்று என்று ஹசீனாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் தரையைப் பார்த்தாள்.

ராஜாமணி கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி ராமக்காளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ராமக்காள் திட்டவில்லை, உதறவும் இல்லை. குனிந்து, ராஜாமணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.