உள்பக்கத் தகடு

கும்பகோணத்துப் பல் டாக்டர் ஸ்ரீரஞ்சனியின் அம்பாசடர் தமிழரசனின் பட்டறைக்கு வந்தபோது முன்சக்கரங்களுக்கு உள்பக்கம் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. எழுபத்து நான்காம் வருடத்து வண்டி. அங்கேயே ஒரு ரைஸ்மில் கொட்டகையில் கிடந்ததை வாங்கி, ஒன்றரை வருடமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தார். பழைய சஸ்பென்ஷன் ரொம்பவும் தூக்கிப்போடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய புது செட் ஒன்றைப் போடச் சொன்னார். வல்லம் சாலையில் கொட்டகை வைத்திருக்கும் சமீர் அதைப் பொருத்தியிருந்தான். புது செட்டில் ஸ்பிரிங் நெட்டுக்குத்தலாக நிற்கும், உயரமும் அதிகம். அதற்கு இடம் வேண்டுமென்று பழைய உள் மட்கார்டை வெட்டி எடுத்தாகிவிட்டது. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே மறைப்பாக நிற்கும் அந்தத் தகட்டைப் புதிதாக அடித்துப் பொருத்துவதுதான் தமிழரசனின் வேலை.

தமிழரசனுக்கு நாற்பத்தாறு வயது. நாஞ்சிக்கோட்டை சாலையில் இருபது வருடமாக வண்டித் தகடு தட்டும் டிங்கர் பட்டறை. புட்டி பூசி மறைக்காமல் தகட்டைத் தகடாகவே வளைத்து உட்கார வைப்பான் என்று பெயர். அந்தப் பெயரை அவனே இரண்டு பேரிடம் சொல்லிக் காட்டவும் செய்வான்.

வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது சமீர் சொன்னான்: "அண்ணே, ஸ்டாண்டுல நிக்கிறப்ப சக்கரம் கீழ தொங்குது. இப்ப அளவெடுத்தா எடம் நெறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, சக்கரத்தத் தாங்குற ஆர்மை ஜாக்கியில மேல முட்டுற வரைக்கும் ஏத்தி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துட்டு வெட்டுங்க. ஆளுங்க ஏறி உக்காந்தா கதையே வேற."

"சரி சமீரு," என்றான் தமிழரசன்.

அவன் அதைச் செய்யவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்ட அரை நாள் பிடிக்கும் என்பது ஒரு காரணம். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன் சொல்லித் தகடு வெட்டுவதா என்பது இன்னொன்று. அட்டையில் மாதிரி வெட்டி, தொங்கிய சக்கரத்தை வைத்தே அளவெடுத்தான். தகடு அழகாக வந்தது. ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரே சீரான இடைவெளி, விளிம்பில் சின்ன மடிப்பு, இணைப்பே தெரியாத வெல்டிங். முதல் பூச்சாகப் பிரைமர் அடித்ததும் போனில் படம் எடுத்தான். ஸ்ரீரஞ்சனி அதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். தமிழரசனையும் சேர்த்து நூற்று நாற்பது பேர் இருக்கும் குழு. அன்று முழுக்கப் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. தமிழரசன் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தான்.

ஐப்பசி முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்ரீரஞ்சனி தன் கிளினிக்கில் வேலை செய்யும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பட்டீஸ்வரம் பக்கம் போனார். வாய்க்கால் மதகு ஒன்றில் ஏறி இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடம். மதகின் மேடு வண்டியைத் தூக்கிப் போட்டது. முன்னால் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தார். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் அடிவரை போனது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி நடவு வயலுக்குள் ஓடியது.

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். தங்கமணி என்பவர் வரப்பில் தாவும்போது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. வண்டியில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

போன் வந்ததும் தமிழரசனும் சமீரும் தனித்தனியாகக் கிளம்பி வந்து சேர்ந்தார்கள். அதற்குள் தங்கமணியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டிராக்டர் வைத்து வண்டியை ரோட்டுக்கு இழுத்தாகிவிட்டது. முன்சக்கரம் திரும்பியபடியே நின்றது. தமிழரசன் குனிந்து உள்ளே பார்த்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, அவன் அடித்த தகட்டின் விளிம்பில், கறுப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது. சக்கரம் மேலே ஏறி, முழுசாகத் திரும்பியபோது ஹோஸைத் தகட்டோடு வைத்து அறுத்திருக்கிறது.

அவன் கட்டைவிரலால் அந்தக் கறுப்பைத் துடைத்தான். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

வயல்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீரஞ்சனியின் முகம் வெளுத்திருந்தது. "என்ன ஆச்சு தமிழரசன்? எது போச்சு?" என்று கேட்டார்.

"பிரேக் ஹோஸ் அறுந்திருக்குங்க மேடம்."

"அது யார் மாட்டினது?"

"அது சமீர் வேலைங்க."

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஹோஸை மாட்டியது சமீர்தான். எல்லோரும் சமீர் பக்கம் திரும்பினார்கள். சமீர் மண்டியிட்டு, அறுந்த ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தான். "ஹோஸைப் பிடிக்கிற கிளிப்பைச் சரியாப் போட்டேன்னுதான் நெனச்சேன்," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு வயல்காரரிடம் போய்க் கை கூப்பினான்.

மறுநாள் வண்டி தமிழரசனின் பட்டறைக்கே வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிரைண்டரை எடுத்து, இரண்டு பக்கமும் தகட்டின் விளிம்பை ஓர் அங்குலம் அரைத்துத் தள்ளினான். பிரைமரும் அடித்துவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் சமீர் வந்தான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"அண்ணே, அந்த வண்டிய ஒருக்கா பாத்துக்கட்டுமா? எங்க தப்பு பண்ணினேன்னு தெரியணும். அடுத்த வண்டியிலயும் அதையே பண்ணிடக்கூடாதுல்ல."

வேண்டாம் என்று சொல்லத் தமிழரசனுக்கு வாய் வரவில்லை. சமீர் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியை வைத்து ஆர்மை மேலே ஏற்றினான். ஸ்டியரிங்கை ஒடித்தான். டார்ச் அடித்து, தகட்டுக்கும் ஹோஸ் போகும் இடத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். மூன்று விரல் தாராளமாகப் போனது. ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தான்.

"எடம் நெறைய இருக்குண்ணே. ஒங்க தகட்டுல படவே படாது. அப்ப என் கிளிப்புதான் நழுவி, ஹோஸ் சக்கரத்துல போயி சிக்கியிருக்கு." நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். "நேத்து அந்தம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்லா ஏசுனாங்க. ஏசட்டும். நடவு நேரத்துல கையில கட்டோட உக்காந்திருக்காங்க."

தமிழரசன் டீ சொல்லட்டுமா என்று கேட்டான். சமீர் வேண்டாமென்று போய்விட்டான். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்த தமிழரசன் பாதியிலேயே எழுந்து கை கழுவினான். மனைவி வானதி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

அந்த வாரக் கடைசியில் ஸ்ரீரஞ்சனி குழுவில் எழுதினார். கோபமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்லி, பிரேக் வேலைக்கு சமீரிடம் போகிறவர்கள் இன்னொருவரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். கீழே முப்பது பேர் எழுதியிருந்தார்கள். அவர்கள் அவ்வளவு நிதானமாக எழுதவில்லை. ஒருவர் தமிழரசனின் பேரைப் போட்டு, "தகடு வேலை பிரமாதம், அது பாவம் என்ன செய்யும்" என்றிருந்தார். தமிழரசன் அதற்குமேல் படிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான்.

பத்து நாள் கழித்து வல்லம் பக்கம் போன வேலை முடிந்து திரும்பும்போது சமீரின் கொட்டகை முன்னால் பைக்கை நிறுத்தினான். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நிறுத்தினான். உள்ளே பழைய ஜீப் வைத்திருக்கும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"பிரேக் சத்தம் போடுது பாய். ட்ரம்மைக் கழட்டிப் பாருங்களேன்."

"பிரேக் வேலை இப்பப் பாக்கிறதில்லீங்க," என்றான் சமீர்.

"என்ன பாய், போன வருஷம் நீங்கதான பாத்தீங்க?"

"இப்ப பாக்கிறதில்லீங்க. மெடிக்கல் காலேஜ் ரோட்டுல ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டக் காட்டுங்க." சமீர் அதைச் சாதாரணமாகச் சொன்னான். சொல்லும்போது அவன் கண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீப் போனதும் தமிழரசன் உள்ளே வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சமீரு, ஹோஸை அறுத்தது என் தகடு."

சமீர் புரியாமல் பார்த்தான்.

"நீ சொன்ன மாதிரி ஸ்பிரிங்கைக் கழட்டிப் பாக்கல. தொங்குன சக்கரத்த வச்சே வெட்டிட்டேன். அன்னிக்கு விளிம்புல ரப்பர் ஒட்டியிருந்துச்சு. தொடச்சிட்டேன். மறுநாள் அரைச்சும் விட்டேன். நீ வந்து பாத்தது அரைச்ச பொறவு."

 சமீர் பக்கத்தில் இருந்த வேஸ்ட் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையையே துடைத்தான்.

"நான் வெரல விட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு இல்லியா?" என்றான் சமீர். குரல் உயரவில்லை. "இந்தப் பதினஞ்சு நாளா என் கையையே நான் நம்பல. என் வண்டி பிரேக்கைக்கூட ரெண்டு தடவ மிதிச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்குறேன். எம் பொண்ண என் வண்டியில ஏத்தாம ஸ்கூலுக்கு ஆட்டோவுல அனுப்புறேன்."

தமிழரசன் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினான். சமீர் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போவுது. நான் ஊருக்கு முன்னாடி கை கூப்புனேன். நீங்களும் போயி சொல்லுங்க."

அன்று சாயங்காலமே தமிழரசன் கும்பகோணம் போனான். கிளினிக்கில் கடைசி நோயாளி போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீரஞ்சனி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து மாஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தப்பு எல்லாருக்கும் வரும், தமிழரசன். நானே பக்கத்துப் பல்லைப் பிடுங்கினவங்களைப் பார்த்திருக்கேன். ஆனா நீங்க அரைச்சுட்டீங்க. அதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

ஸ்ரீரஞ்சனி கையுறைகளையும் கழற்றினார்.

"குரூப்ல நான் எழுதினா அது என் வார்த்தை. நீங்களே பேசி அனுப்புங்க, உங்க குரல்ல. வண்டியை நாளைக்கு வேற இடத்துக்கு எடுத்துக்கிறேன்."

கிளினிக் வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்தான். முதல் தடவை, "அன்னிக்கு இருந்த பதட்டத்துல" என்று ஆரம்பித்தான். அழித்தான். இரண்டாம் தடவை தன் இருபது வருட வேலையைப் பற்றிச் சொல்லப் போனான். அதையும் அழித்தான். ஐந்தாவது தடவைதான் நடந்தது மட்டும் வந்தது. முப்பத்தைந்து விநாடி. அனுப்பிய பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. பிறகு யாரோ ஒருவர், "சமீர் பாயிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்று எழுதினார். தமிழரசனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் தங்கமணியின் ஊருக்குப் போனான். காலனித் தெருவில் மூன்றாவது வீடு. ஐம்பதைத் தாண்டிய தங்கமணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் தட்டுத்தடுமாறி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. எதிர்ப்பக்கம் வயலில் நட்டுமுடித்த நாற்று பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

தமிழரசன் நின்றபடியே சொன்னான். தகடு, ஹோஸ் என்றெல்லாம் சொன்னால் புரியுமா என்று முதலில் தயங்கினான். பிறகு, "என் வேலையில தப்புக்கா. அந்த சமீர் மேல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல," என்றான்.

தங்கமணி வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ள இங்கதான் வந்து நின்னுச்சு, நீ நிக்கிற எடத்துல. பழம் வாங்கியாந்திருந்துச்சு. அத எடுத்துட்டுப் போடான்னு தெருவே கேக்கிற மாதிரி ஏசுனேன். சாதி, மதம், ஒண்ணு பாக்கி வைக்கல. தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டுப் போச்சு." அவர் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "இப்ப அத நான் எங்க போயி அள்ளுறது?"

"என்னை ஏசுங்கக்கா."

"ஒன்னைய ஏசி எனக்கு என்ன வரப்போவுது? அந்தப் புள்ள நம்பர் வச்சிருக்கியா? போட்டுக் குடு."

தமிழரசன் சமீரை அழைத்தான். தங்கமணியால் போனைப் பிடிக்க முடியவில்லை. இடது கை முழுக்க வெங்காயச் சாறு. அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி, போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, நான் தங்கமணி பேசுறேன், பட்டீஸ்வரம் பக்கத்துலேருந்து. கை ஒடிஞ்சவ," என்றார் தங்கமணி.  "அன்னிக்கு நான் பேசுனது எதுவும் ஒனக்கு இல்ல, சாமி. மனசுல வச்சுக்காத. வூட்டுக்கு வா. கட்டு பிரிச்சதும் நானே சமைச்சுப் போடுறேன்."

சமீர் என்ன சொன்னான் என்பது தமிழரசனுக்குக் கேட்கவில்லை. தங்கமணி, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். பேச்சு நீண்டது. தமிழரசனுக்குக் கால் மரத்துப்போனது. தோளும் வலித்தது. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.