மூன்றாம் ஜன்னலுக்கு ஓர் உரை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் போன மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு பாட்டு வரியைப் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல், சுருதி விலகாத குரல். ஆனால் அந்த ஒரு வரிதான். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, அந்த வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று மாடிப்படி பெருக்குகிறவர் சொன்னார். நான் போய் விசாரிப்பதற்குள் வீடு காலியாகிவிட்டது. பூட்டுகூடப் புதிது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன். முதலாவது: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது, அவள் ஜன்னல் ஓரமாக" — மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. இரண்டாவது: "மொழி என்பது" — இதற்கு மேல் போக வெட்கமாக இருந்தது. மூன்றாவது கீழே இருக்கிறது. பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கைவசம் வேறு இல்லை.

2

ஒரு சின்ன வானொலி நிலையம். அங்கே சனிக்கிழமை காலையில் 'புரியாத வரி' என்று அரைமணி நேர நிகழ்ச்சி. இளைஞர்கள் காதோரம் முடி வளர்த்து, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்துப் பாப் பாட்டுகளிலிருந்து, கேட்ட எவருக்கும் விளங்காத ஒரு வரியை எடுத்து ஒருவர் விளக்கம் சொல்வார். நிலையத்தில் அவரை 'உரையாசிரியர்' என்று கூப்பிடுவார்கள். கிண்டலாகத்தான். செய்யுளுக்கு எழுத வேண்டிய உரையை 'லால்லல்லா' பாட்டுக்கு எழுதுகிற ஆள் என்று அர்த்தம். ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது. பிறகு அவரே தன் தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டார்.

அவர் முறை எளிது. ஒரு வரிக்கு மூன்று பொருள் கண்டுபிடிப்பார். முதல் இரண்டை மரியாதையாக மறுப்பார். மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். குரலைத் தாழ்த்திச் சொன்னால் எதையும் நம்புவார்கள் என்பது மைக்கின் முன்னால் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது.

நம் கதைக்கு வேண்டிய வரி இது:

மூன்றாம் ஜன்னலை மூடாதே
நீல நாற்காலி நனையட்டும்

[இந்தப் பாட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. சுவருக்கு அப்பால் கேட்டது வேறு. அதை இங்கே போட எனக்கு மனம் வரவில்லை.]

மற்றபடி அது சாதாரணக் காதல் பாட்டு. அவள் போய்விட்டாள், அவன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறான். நடுவில் எங்கிருந்தோ இந்த ஜன்னலும் நாற்காலியும் வந்துவிட்டுப் போகும். மூன்றாம் ஜன்னல் நெற்றிக்கண் என்றார் ஒரு நேயர். சிறைச்சாலை என்றார் இன்னொருவர். உரையாசிரியர் இருவரையும் மறுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிறப்பு ஒரு ஜன்னல். வாழ்க்கை ஒரு ஜன்னல். மூன்றாவது எதுன்னு உங்களுக்கே தெரியும். நாற்காலி, நாம விட்டுட்டுப் போற இடம். என்னைத் தடுக்காதே, போகவிடு, எனக்காகக் கொஞ்சம் அழு. அவ்வளவுதான் இந்த வரி கேக்குறது."

தேநீர் ஆறுகிற நேரத்தில் யோசித்தது அது. பாராட்டிப் பலர் கூப்பிட்டார்கள்.

3

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாரத்து நிகழ்ச்சியை அவரே மறந்துவிட்ட பிறகு, ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகையின் முன் ஆட்களை உட்கார வைத்து, கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "ஏதாவது தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை.

"சார், அந்த ஜன்னல் பாட்டுக்கு நீங்க சொன்ன அர்த்தம் உறுதிதானா?"

உரையாசிரியர் சிரித்தார். "எதுக்கும்மா? யார்கூடயாவது பந்தயமா?"

"எங்க வீட்டுக்காரர் அதைத்தான் சொல்லிட்டிருக்கார்."

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதங்களுக்கு முன்னால் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவர். எழுந்தபோது பேச்சில்லை.

"பசிக்குதான்னு கேட்டா அதைப் பாடுவார். வேலைக்குப் போயிட்டு வரேன்னாலும் அதான். கோபம் வந்தா அதையே வேகமாப் பாடுவார். முதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"பேச்சு மூளையில ஒரு பக்கமாம், பாட்டு இன்னொரு பக்கமாம். பாட்டுப் பக்கம் தப்பிச்சிருச்சு, வாய் பாடுது, அவர் ஒண்ணும் சொல்லலைங்கறார். அவருக்கென்ன? அவரா கூட இருக்கார்?"

பிறகு, தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். தலைக்குள் இன்னொரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. தலையைத் திறந்து சரிசெய்ய வேண்டும். செய்தால் பிழைக்கலாம், ஆபரேஷன் மேசையிலேயே போய்விடவும் கூடும். செய்யாவிட்டால் என்றைக்கு வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும்.

"உங்க நிகழ்ச்சியை ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம், சமையலறையில. அப்ப அவருக்கு அந்த அர்த்தம் தெரியும் சார். தெரிஞ்சுதான் பாடறார். ஆபரேஷன் வேணாம், என்னை விட்டுடுன்னு கேக்குறாரா? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

உரையாசிரியர் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். தப்பிக்க ஒரு வழி தேடி, "அன்னிக்குக் கேட்டுட்டு அவர் என்னம்மா சொன்னார்?" என்றார்.

அவள் தயங்கினாள். "இந்த ஆளு நல்லா அளக்குறான்னார்."

4

[இந்தப் பெண்ணின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? ஒரு இடத்தில் "அவள் கதறி" என்று எழுதி நிறுத்திவிட்டேன். கதறுகிறவள் வானொலி நிலையம் தேடிப் போக மாட்டாள்.]

நிலையத்துக்கு வருவதற்கு முன்பே அவள் செய்தது இதுதான். வீட்டில் ஜன்னல் இரண்டே இரண்டு. மூன்றாவதை ஒரு வாரம் தேடினாள். கடைசியில், அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த, சின்னக் கதவு வைத்த காற்றுத் துவாரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அலமாரியை ஒருத்தியாகத் தள்ளி நகர்த்தினாள். ஒரு மர நாற்காலிக்கு நீல வண்ணம் அடித்து அதன் கீழே போட்டாள். மழை வந்தது, நாற்காலி நனைந்தது. கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தவர் தேம்பித் தேம்பி அழுதார். தனக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

(இந்த நோயில் காரணமே இல்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை நான் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள்.)

5

உரையாசிரியர் அன்று மாலையே அங்குமிங்கும் விசாரித்து, அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரின் தொலைபேசி எண்ணைப் பிடித்தார். பாடியவர் இப்போது உயிரோடு இல்லை, எழுதியவரும் இல்லை. மெட்டுக்காரர் மட்டும் இருந்தார். பின்னணியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வரியா? அது டம்மி தம்பி."

மெட்டு முதலில் பிறக்கும், சொல் பிறகு வரும். அதுவரை இடத்தைப் பிடித்துவைக்க வாய்க்கு வந்ததைப் பாடிவைப்பார்கள். சிலர் 'தன்னானே' போடுவார்கள். இவர் கண்ணில் பட்டதைப் போடுகிறவர்.

"வாடகை ரூம்ல உக்காந்திருந்தோம். மூணு ஜன்னல், வெளியில மழை, எதிர்ல நீல நாற்காலி. மெட்டுக்கு அளவா உக்காந்துச்சு. எழுதறவர் காலையில நல்ல வரியா தரேன்னுட்டுப் போனார், ஆள் வரல. ஸ்டுடியோவுல எங்க நேரம் முடியப்போகுது. பாட வந்தவன் அதையே பாடிட்டான்."

"அப்ப அதுக்கு அர்த்தம்?"

"நாற்காலி நனைஞ்சுது, அதான் அர்த்தம்." கொஞ்சம் இருமினார். "நீங்க ரேடியோல சொன்னதைக் கேட்டேன் தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியே இருக்கட்டுமே."

யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

உரையாசிரியர் தன் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். இந்த ஒரு வரி மட்டுமா? எத்தனை சனிக்கிழமை, எத்தனை வரி. உள்ளே ஒன்றுமில்லாத வீடுகளிலெல்லாம் நடுக்கூடத்தில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்.

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?]

6

முடிவுகள்.

அ) "இது வாழ ஆசைப்படறவன் பாடுற வரிம்மா. ஜன்னலைத் திறந்து வைங்கறார், ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லுங்க" என்று உரையாசிரியர் சொல்கிறார். அவள் சம்மதிக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவரை எழுதினேன். கதவு திறந்து டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கிழித்துவிட்டேன்.

ஆ) "நான் சொன்ன அர்த்தம் சரிதான்மா." அவள் வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கண்ணாடிக் கடையிலிருந்து வீடு திரும்பி, சாவியைப் பூட்டில் வைத்தபடி, உள்ளே பாட்டுக் கேட்கிறதா என்று காது கொடுத்து நிற்பாள். ஒருநாள் மாலை

இ) ஞாயிற்றுக்கிழமை உரையாசிரியர் அந்த வீட்டுக்குப் போனார். நான் எவ்வளவு இழுத்தும் நிற்காமல் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார அந்த நீல நாற்காலி மட்டுமே இருந்தது. உட்கார்ந்ததும் கால்சட்டையில் ஈரம் ஏறியது. கட்டிலில் இருந்தவர், யாரோ விருந்தாளி என்று ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தார்.

உரையாசிரியர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். வாடகை அறை, மழை, வராமல் போன கவிஞர், எல்லாவற்றையும். "அதுக்கு அர்த்தமே இல்லம்மா. நான் சொன்னதும் சும்மா சொன்னது. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி."

அவள் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வைதான்.

"ஏழு மாசமா தினமும் பேசிட்டிருக்கோம் சார்," என்றாள். "காலையில என்ன செய்யப்போறேன், சாயந்திரம் கடையில யார் வந்தாங்க, எல்லாம் சொல்லுவேன். அவரும் பதில் சொல்லுவார். அப்ப நான் யார்கூடப் பேசிட்டிருந்தேன்?"

உரையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

கட்டிலில் இருந்தவர் பாடினார். அவளைப் பார்த்துத்தான் பாடினார். சுருதி இம்மியும் விலகவில்லை. பாடி முடித்து, பதிலுக்குக் காத்திருப்பவரைப்போல் வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் எழுந்து போய், சாத்தியிருந்த துவாரத்தைத் திறந்துவிட்டு வந்தாள். பழக்கம்.

7

கதைக்குள் இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான். திங்கட்கிழமைக்கு நகர்த்த என்னால் முடியாது. நகர்த்தினால் நானும் அந்த வரிக்கு ஒரு பொருள் சொன்னதாகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக யாரோ குடி வந்திருக்கிறார்கள், நாள் முழுக்கத் தொலைக்காட்சிச் சத்தம். பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று மாடிப்படி பெருக்குகிறவருக்கும் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் இவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். அந்த வரியை முதலில் படித்தபோதே உங்களுக்கு ஏதோ ஒன்று தோன்றியிருக்கும். டம்மி என்று மெட்டுக்காரர் சொன்ன பிறகும் அது முழுதாகப் போயிருக்காது. எனக்கும் போகவில்லை.

உரையாசிரியர் எழுந்து போய்விட்டார். இடம் காலியாக இருக்கிறது. நாற்காலி ஈரம்தான், வேறு இருக்கை இல்லை, உட்காருங்கள். கட்டிலில் இருப்பவர் இப்போது உங்களைப் பார்த்து ஒரு முறை பாடுவார். முடிந்ததும் அவள் உங்கள் பக்கம் திரும்புவாள், கடையில் கேட்கிற அதே குரலில் கேட்பாள்:

"ஏதாவது தெரியுதா?"