பொர்தோலோவின் மரியாதைப் பேச்சு

தலையில் அறுவை முடிந்து கண் விழித்த பொர்தோலோ, எதிரே நின்ற மனைவியைப் பார்த்து, "அம்மணி, தயவுசெய்து கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த டாக்டர் இம்பராத்தோ அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி. நாக்கு குழறவில்லை, சுத்தமான இத்தாலியன் என்றார். மனைவி அர்மீதாவுக்கோ யாரோ வேற்று ஆள் பேசுவதுபோல் இருந்தது.

செர்ரி பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்தவர். மூளையில் ரத்தக்கட்டு, ஞாபகம் கொஞ்சம் போனாலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். போனது நான்தானா என்று அவள் பயந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை இத்தாலியன் பேசியதில்லை. வீட்டில் அவரவர் ஊர்ப்பேச்சுதான்: அவருடையது பெர்கமோ மலைப்பேச்சு, அவளுடையது வெரோனாப் பக்கத்துப் பேச்சு. இத்தாலியனில் 'இல்லை' என்பது வினைக்கு முன்னால் வரும், பெர்கமோவில் பின்னால். வெரோனாக்காரர்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தாராளமாக இரண்டு போடுவார்கள். "ரெண்டாவது 'இல்லை' உங்கப்பன் கொடுத்த சீதனமா?" என்று அவர் கிண்டுவார். உங்கள் பாட்டன் பூட்டனும் இரண்டுதான் போட்டார்கள், முன்னால் இருந்ததைச் சோம்பேறித்தனத்தில் தொலைத்துவிட்டீர்கள் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அந்த வீட்டில் இதைவிடப் பெரிய சண்டை வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் இப்போது நகராட்சி குமாஸ்தாவிடம் பேசுவதுபோல் பேசுகிறார். தண்ணீர் கொடுத்தாள். "மிக்க நன்றி" என்றார். ஆயுசுக்கும் அவர் வாயிலிருந்து ஒரு நன்றி வராதா என்று ஏங்கியவள்தான். அது இப்படியா வந்து தொலைய வேண்டும்?

டாக்டரும் நர்ஸும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. காலடிச் சத்தம் ஓயும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த பொர்தோலோ, அசல் மலைப்பேச்சில் முணுமுணுத்தார்.

"போயிட்டாங்களா? ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அர்மீதா கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாவி மனுஷா, என்னை மறந்தே போயிட்டியோன்னு பார்த்தேன். அம்மணியாம், தருகிறீர்களாவாம்."

அவர் முகம் வெட்கத்தில் சிவந்தது. படித்தவர்கள் சுற்றி நிற்கும்போது மலைப்பேச்சு பேசினால் என்ன நினைப்பார்கள்? அதனால் இத்தாலியனில் பேசினாராம். அந்த இத்தாலியனை அவர் பேசியதெல்லாம் பட்டாளத்து அதிகாரியிடமும் பத்திரம் எழுதுகிறவரிடமும்தான்.

"அதுல பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியலடி."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பிய நிம்மதியில், வெரோனாப் பேச்சில் வாய் ஓயாமல் திட்டினாள். அவரும் விடவில்லை, மலைப்பேச்சில் மல்லுக்கு நின்றார்.

சத்தம் கேட்டு இம்பராத்தோ அம்மாள் ஓடி வந்தார். அவர் தெற்கே நேப்பிள்ஸ்காரர், இந்த வடக்கத்திப் பேச்செல்லாம் தெரியாதவர். நோயாளி பேசியதில் ஒரு எழுத்துகூடப் புரியாமல் அவர் முகம் வெளிறிவிட்டது. பொர்தோலோவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படிக் குழறுறார்?"

அர்மீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க டாக்டரம்மா. இப்பதான் என் புருஷன் பேசுறாரு."