தேயாத தரை

ஒரு வீட்டுத் தரையைப் பார்த்தே அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எங்கே நிற்பார்கள் என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருடமாகத் தரைக்குப் பாலிஷ் போடுகிறவன் நான். நடுவில் மெஷின் ஓடும். ஓரமும் மூலையும் முட்டி போட்டுக் கையால்தான். கன்னத்தைத் தரையோடு சாய்த்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், அடுப்புக்கு முன்னால் ஒரு மங்கல் தெரியும். சமைக்கிறவர் நிற்கும் இடம் அது. கண்ணாடிக்கு முன்னால் ஒன்று இருக்கும், ஜன்னலோரம் ஒன்று இருக்கும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீட்டில் அடுப்புக்கு முன்னால் இரண்டு மங்கல் விலகி விலகி இருக்கும். ஆள் நடந்தால் தரை தேயும். அதனால்தான் எனக்குச் சோறு.

நான் பாலிஷ் போடுகிற அந்தக் கல்லின் தூளே என் மகளின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு எட்டு வயது. நாங்கள் குடியிருப்பது கல் அறுக்கும் பட்டறைகளுக்கு நடுவில். காலையில் துடைத்து வைத்த பாத்திரத்தில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அவள் மூச்சு விடும்போது சல்லடையில் மணல் சலிக்கிற சத்தம் வரும். தூங்கும்போதும் வரும், சிரிக்கும்போதும் வரும். கடைசியாகப் போனபோது டாக்டர் சீட்டுக்கூட எழுதவில்லை.

"மருந்து குடுத்துக் குடுத்து எனக்கே அலுத்துப்போச்சு. காத்தை மாத்துங்க. இன்னொரு வெயில் காலம் இந்தத் தூசியில இவ தாங்க மாட்டா" என்றார்.

நல்ல காற்று எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். மேடு என்று சொல்வோம். எங்கள் தலைக்கு மேலே, பஸ் சுற்றிச் சுற்றி ஏறுகிற இடம். அங்கே காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை. என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இரண்டு வருடத்துக்கு முன்னால் குழாய் வேலைக்காக அங்கே போனான். அவன் பெண்டாட்டிக்கும் இதே இழுப்பு இருந்தது. அவன் வேலை செய்கிற கட்டிடத்தில் பாலிஷ்காரன் இடம் காலி, குடியிருக்க அறையும் உண்டு என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

மனைவி பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து என் முன்னால் போட்டாள். நான் நாற்பது வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன். என்னை எழுத வைத்து வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"போனா என்ன நல்லது, இந்தப் பக்கம் எழுது. என்ன கெட்டது, அந்தப் பக்கம்."

"வாடகை, சம்பளத்துல பாதி. இதைக் கெட்டதுல போடவா?"

"போடு. கொஞ்சம் சீக்கிரமா போடு. நீ ஒரு வரி முடிக்கறதுக்குள்ள அங்க வாடகை ஏறிடும்."

கெட்டது பக்கம் நிறைந்துகொண்டே போனது. பால் விலை மூன்று மடங்கு. கடையில் ஒற்றை வெங்காயம் கொடுக்க மாட்டார்கள். அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்க ஒரு முகம் கிடையாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று என் அண்ணன் சொன்னதையும் ஒரு வரியாக எழுதச் சொன்னாள். எழுதினேன். நல்லது பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மூச்சு.

"இதைத் தராசுல வெச்சா எந்தத் தட்டு இறங்கும்?" என்றாள்.

மகள் மூலையில் மணல் சலித்துக்கொண்டு தூங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோம். பாக்கறதுக்குக் காசா பணமா?" என்றேன்.

பஸ் பாதி தூரம் ஏறியிருக்கும். மகளின் மணல் சத்தம் நின்றுவிட்டது. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேசினால் திரும்பி வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டாள். அவள் அப்படி விட்டு நான் பார்த்ததே இல்லை.

மேட்டில் தெருக்கள் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தன. நிறைய பேர் நடந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

மச்சினன் வாசலிலேயே நின்றிருந்தான். அதே பழைய கேலி.

"வாங்க மாமா. முட்டி இன்னும் இருக்கா, தேஞ்சே போச்சா?"

"உன்னை மாதிரி குழாய்க்குள்ள கையை விட்டுட்டுக் கதை பேசினா தேயாது மாப்ள."

சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் சட்டென்று காலியானது, ஷட்டரை இறக்கின கடை மாதிரி. அறை சின்னது, ஆனால் குறை சொல்ல முடியாது. கட்டில், அலமாரி, மூலையில் அடுப்பு. அவன் பெண்டாட்டி டீ போட்டாள். இழுப்பு போய்க் கன்னத்தில் சதை போட்டிருந்தாள்.

"ஏன்டா, வந்து அரை மணி நேரம் ஆச்சு. கீழ யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டேங்கறியே?" என்றாள் மனைவி.

"எல்லாரும் இருப்பாங்கல்ல அக்கா" என்றான்.

பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டால்கூட எத்தனை குட்டி, என்ன நிறம் என்று கேட்கிறவன் அவன்.

டம்ளரைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்து அடுப்படியைப் பார்த்தேன். பழக்கதோஷம். மங்கல் இல்லை. கன்னத்தை இன்னும் தாழ்த்தினேன். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

"ஏன் தங்கச்சி, இங்க சமைக்கறதில்லையா?"

"மூணு வேளையும் நான்தானே அண்ணா நிக்கிறேன்" என்றாள். அப்போதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் கழற்றிவிட்ட அவள் செருப்பைக் காலால் புரட்டிப் பார்த்தேன். அவள் கீழே இருந்தபோது வாங்கிய பச்சை வார்ச் செருப்பு. இரண்டு வருடமாகியும் அடியில் வரி வரியாகப் புதுசாக இருந்தது.

சூப்பர்வைசர் ஒரு அம்மா. தணிந்த குரலில் பேசுகிறவர். வேலை செய்ய வேண்டிய இடத்தைக் காட்ட என்னை முதல் மாடிக்கு அழைத்துப்போனார். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் கதவுகள், கோடியில் ஒரு ஜன்னல்.

"கட்டி ஏழு வருஷம். நாப்பது குடும்பம் இருக்காங்க" என்றார்.

முட்டி போட்டுக் கன்னத்தைச் சாய்த்தேன். கட்டினபோது போட்ட பாலிஷ் அப்படியே இருந்தது. மெஷின் கடைசியாகச் சுற்றிய வளையம்கூட அழியவில்லை.

"இங்க யாரும் நடக்கறதில்லையா மேடம்?"

"நடக்கறாங்களே."

ஒரு பெரியவர் கையில் பையோடு எங்களைக் கடந்துபோனார். என் கண் அவர் காலுக்கு நேராக இருந்தது. காலை நன்றாக ஊன்றித்தான் நடந்தார். அவர் போனபின் தரையைப் பார்த்தேன். யாரும் போன மாதிரி இல்லை.

"தரை தேயலன்னா உங்களுக்குப் பாலிஷ்காரன் எதுக்கு?"

"புதுசா வர்றவங்களுக்காக. மூணு மாசம் வரைக்கும் தடம் விழும். உங்க குடும்பத்துக்கும் விழும். அதை எடுத்துக்கிட்டே வரணும். அப்புறம் விழாது." தண்ணீர் முதலில் கொஞ்சம் உப்புக் கரிக்கும், பிறகு பழகிவிடும் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஜன்னலுக்கு அடியில் கையைக் காட்டினார். "இது ஒண்ணுதான் பாக்கி. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் இதை மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டார். வேலையை விட்டுட்டுக் கீழயே போயிட்டார்."

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன மங்கல். விரல்களும் முன்பாதமும் மட்டும். குதிகால் இல்லை. ஒரு குழந்தை நுனிக்காலில் எட்டி நின்றிருக்கிறது. ஒருநாள் இரண்டுநாள் நின்றால் இப்படித் தேயாது. எழுந்து வெளியே பார்த்தேன். ஆழத்தில் எங்கள் பகுதி, தூசி மூடி போட்ட சட்டி மாதிரி கிடந்தது.

"யாரோட பிள்ளை?"

"அவர் பொண்ணுதான். அம்மாவும் பொண்ணும் இங்கதான் இருக்காங்க. வந்தப்ப அவளுக்கும் இழுப்புதான். இப்ப பாருங்க."

பத்து வயதுப் பெண் ஒருத்தி மாடிப்படியில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. சதைப்பிடிப்பான முகம். ஜன்னலைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"வெளிய பாக்க மாட்டியா கண்ணு?" என்றேன்.

"அங்க ஒண்ணும் இல்லையே அங்கிள்."

"உங்க அப்பா கீழதானே இருக்கார்?"

நின்று யோசித்தாள். "இருப்பார்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

படியிறங்கி வந்தேன். கீழே முற்றத்தில் என் மகள் படியில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வந்த இடத்துலயும் கன்னத்தைத் தரையில வெச்சுட்டியா நீ?"

"உன் தம்பியைப் பாத்தியா இல்லையா? மூணு மாசம் போனா நம்ம பிள்ளையும் இப்படித்தான். யாரையும் கேக்க மாட்டா. நம்மளைக்கூட."

"கேக்கலன்னா போகட்டும். கேக்கறதுக்கு முதல்ல அவ இருக்கணும்ல? தரை தேயலன்னா உனக்கென்னய்யா? கீழ என் பிள்ளை தேயறா."

கூலிக்காரன் மூளை, எங்கேயாவது ஒரு சந்து தேடும். தேடிப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

"மேடம், எம்பது நாள் இங்க இருப்போம். மூணு மாசம் ஆகறதுக்குள்ள பத்து நாள் கீழ போயிட்டு வந்துடுவோம். திரும்ப எம்பது நாள். இதுக்கு ஒத்துக்குவீங்களா?"

"தாராளமா" என்றார். முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. "எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் வந்தாங்க."

அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நான் கெஞ்சியிருப்பேன். அந்தத் 'தாராளமா'தான் என்னைப் பயமுறுத்தியது.

"வேண்டாம். கிளம்பு" என்றேன் மனைவியிடம்.

நாலரை பஸ். மச்சினன் வழியனுப்ப வந்தான். கையை அசைத்தான். பஸ் நகர்வதற்கு முன்பே திரும்பி நடந்துவிட்டான். மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள். அவள் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு டாக்டரைப் பார்க்கலாம். பட்டறைக்குத் தள்ளி வேறு வீடு பார்க்கலாம். ஈரத்துணியை ஜன்னலில் கட்டலாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். எல்லாமே செய்து பார்த்தவைதான்.

முதல் திருப்பம் போயிற்று. இரண்டாவது திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது மகள் ஒருமுறை இருமினாள். பிறகு விடாமல் இருமினாள். மனைவி முதுகைத் தடவினாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணல் சலிக்கிற சத்தம் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மகள் தலையை நிமிர்த்தி வாயைப் பிளந்தாள். உதட்டில் நீலம் ஏறியது. காற்றைக் கையால் பிடிக்கப் பார்க்கிறவள் மாதிரி விரல்களை விரித்தாள்.

"நிறுத்துங்க!" என்று யாரோ கத்தினார்கள். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தபோதுதான் கத்தினது நான் என்று தெரிந்தது.

"இப்பதானேப்பா ஏறினீங்க?" என்றார் கண்டக்டர்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்தேன். மனைவி பின்னால் வந்தாள். நூறு அடி, இருநூறு அடி. இருமல் குறைந்தது. முதல் திருப்பத்துக்கு வருவதற்குள் நின்றேவிட்டது. கட்டிடத்தை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாட்ச்மேன் சின்ன கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அறைச் சாவி அவர் விரலில் தொங்கியது.

"ரெண்டாவது திருப்பத்துலயே இறங்கிட்டீங்களா?" என்றார் அன்பாக. "உங்க மச்சினன் வந்த புதுசுல நாலாவது வரைக்கும் போய்த் திரும்பினார்."

மனைவி சாவியை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். சத்தமே இல்லை. எட்டு வருடமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் இருக்கிறாள் என்று இருட்டில்கூட எனக்குத் தெரியும். இப்போது அவள் மூக்குக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக வந்தது, போனது, வந்தது. விரலை எடுக்காமலே கேட்டுக்குள் நுழைந்தேன்.