மூன்று எண்ணும் வரை

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆலயத்து ஞானஸ்நானத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். ஞானஸ்நானம் மாலை நான்கு மணிக்கு. ஸ்பானிஷ் பேசும் இந்த அபிசாகோ நகரில் தண்ணீர் ஒல்லியாகத்தான் வரும். இடுப்பளவு நிரம்ப நாலே முக்கால் மணி நேரம் ஆகும் என்று முந்தைய வாரமே அளந்து பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருந்தேன்.

அந்த நாட்குறிப்பு மாலை வகுப்பில் ஆரம்பித்தது. செவ்வாயும் வியாழனும் எங்கள் ஆலயத்தில் நானும் என்னோடு ஊழியம் செய்யும் தமாயோவும் இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறோம். தினமும் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதி வரவேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னேன். பின்வரிசையில் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்த டான் மக்காரியோ, அதாவது மக்காரியோ ஐயா, கை தூக்கினார்.

"அப்போ நீ ஸ்பானிஷ்ல அஞ்சு வரி எழுது, எல்டர். எங்களுக்கு மட்டும் என்ன தண்டனை?"

நியாயமாகப் பட்டது. அன்றே நானும் ஆரம்பித்தேன்.

டான் மக்காரியோவுக்கு டயர் பழுது பார்க்கும் கடை. அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர். 'இரும்புத் தவளை' என்று பெயர். ஐந்து மாதமாக ஒரு வகுப்பையும் விடவில்லை. பிறகு ஆங்கிலத்தைத் தாண்டி, எங்கள் சபையைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தார். சபையில் இரண்டும் விலக்கு என்பதால் பீரை விட்டார், காபியை விட்டார். காபியை விட்ட வாரம் மட்டும் கடைப்பக்கம் யாரும் போகவில்லை.

நான் யூட்டாவின் மான்டை ஊர்க்காரன், பெயர் லண்ட். எங்கள் சபையில் ஊழியம் செய்யும் இளைஞர்களை 'எல்டர்', அதாவது மூப்பர், என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு வான்கோழிப் பண்ணை. இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, டை கட்டி, சட்டையில் பெயரட்டை குத்திக்கொண்டு கிளம்பினால் கதவு கதவாகத் தட்டுவோம். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பதற்கு என்னிடம் பட்டியல் இருக்கிறது. மதியச் சாப்பாடு சபைக் குடும்பங்களின் வீட்டில். திங்கட்கிழமை துணி துவைத்துவிட்டு அம்மாவோடு கைப்பேசியில் பேசுவேன். இத்தனை மாதத்தில் என் கையால் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை. அதைப் பற்றி அம்மா கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கேட்கும்.

டான் மக்காரியோ ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவானது. யார் கையால் முழுக வேண்டும் என்பதை முழுகுகிறவர்தான் முடிவு செய்வார். எல்லோரும் தமாயோவைத்தான் எதிர்பார்த்தார்கள். அவன் மோன்டெரேக்காரன், இரட்டைக் கதவு போல அகன்ற உடம்பு. டான் மக்காரியோ என்னைக் காட்டினார்.

"இவனையா?" என்றார் அவர் மனைவி டோன்யா எல்வீரா. "மீசைகூட முளைக்கல, இதுக்குப் பேரு எல்டராம். உன்னை இவன் தூக்குவானா? கிரேன் கொண்டு வரச் சொல்லு."

"கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு, எழுதி வெச்சு, அடுத்த வகுப்புல பதிலோட வந்தவன் இவன் ஒருத்தன்தான். இவன் போதும்" என்றார் அவர்.

டோன்யா எல்வீராவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பொறந்த மாசமே பாதிரியார் இவரு தலையில தண்ணி ஊத்தியாச்சு. அது என்ன, காய்ஞ்சு போச்சா?" என்று எங்களிடமே கேட்டார். ஆனால் ஆலயத்தில் இருந்த ஞானஸ்நான வெள்ளை உடுப்பு எதுவும் கணவருக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும், ஒரு காலத்தில் மல்யுத்த உடுப்பு தைத்த அதே இயந்திரத்தில் இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளை உடுப்பாகத் தைத்துக் கொடுத்தார்.

நான் ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். எங்கள் அறையில் தமாயோ முதுகுப்பை நிறையப் புத்தகங்களை அடைத்துக்கொண்டு டான் மக்காரியோவாக நின்றான். நான் அவனைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துக் கட்டிலில் போட்டேன். நிற்கும் இடம், இடது கை, வலது கை, மூச்சு என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். "கட்டில் உடைஞ்சா உன் நாட்குறிப்பு ரிப்பேர் பண்ணுமா?" என்றான் தமாயோ.

நான்கு மணிக்கு ஆலயத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு டோன்யா எல்வீரா. தொட்டியின் இரு ஓரத்திலும் சாட்சிகளாகத் தமாயோவும் உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பும். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் செல்லாது, ஜெபத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் சாட்சிகளின் வேலை.

வலது கையை உயர்த்தி, அவருடைய முழுப்பெயரைச் சொல்லி ஜெபித்து, அவரைச் சாய்த்தேன். தலை போனது, மார்பு போனது. இடது கால் மட்டும் சட்டென்று மேலே வந்தது.

தமாயோவைப் பார்த்தேன். அவன் என் நண்பன். ஒரு கணம் தயங்கிவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினான். "பாதம்."

இரண்டாம் முறை இரண்டு பாதமும் வந்தன. மூன்றாம் முறை அவர் தோளைத் திருப்பிப் புரண்டுவிட்டார். நான்தான் முழுதாக முழுகினேன்.

"இவனுக்கு ஆயிடுச்சு" என்றார் டோன்யா எல்வீரா உரக்க. பின்வரிசையில் சிரிப்பு, அங்கிருந்தே ஒரு குரல். "என்னய்யா மக்காரியோ, தவளைக்குத் தண்ணி பயமா?"

டான் மக்காரியோவின் காது சிவந்தது. ஊரே பார்க்க அவர் இப்படிச் சிரிப்புக்கிடமாக நின்றது என்னால்தான் என்று தோன்றியது. வாரம் முழுக்க எழுதிய ஒரு வரியும் உதவவில்லை. குரலைத் தாழ்த்தி, "தமாயோ வரட்டும், டான் மக்காரியோ. அவனுக்குப் பலம் அதிகம்" என்றேன்.

"பலமா? பலம் உனக்குப் போதும்டா. என் உடம்புதான் சொன்ன பேச்சு கேக்கல. இருபத்திரண்டு வருஷம் முதுகு கீழ பட்டதும் துள்ளியே பழகிடுச்சு. நடுவர் மூணு எண்ணுறதுக்குள்ள எந்திரிக்கணும், இல்லைன்னா தோல்வி. நான் சும்மா படுக்கணும்னு நினைக்கறதுக்குள்ள கால் முந்திக்குது."

தாள் முழுக்க என் கையையும் என் காலையும் எழுதியிருந்தேன். அவருடைய உடம்பை அவரிடம் கேட்கவே இல்லை.

"அப்போ இந்தத் தடவை மூணு எண்ணுற வரைக்கும் கீழயே இருங்க" என்றேன். "நீங்களே மனசுக்குள்ள எண்ணுங்க. மூணு வந்தப்புறம்தான் நான் தூக்குவேன்."

"அப்போ நான் தோத்துடுவேனே."

"ஆமாம்."

என்னையே பார்த்தார். உடைந்த மூக்குக்குக் கீழே உதடு மெல்ல விரிந்தது. "முகமூடி இல்லாம, பொண்டாட்டி முன்னால" என்றார். பிறகு என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். "சரி, வா."

கையை உயர்த்தினேன். ஜெபம் நடுங்காமல் வந்தது. சாய்த்தேன். என் இடது கையில் அவர் பாரம் முழுவதும் விழுந்தது. முந்தைய மூன்று முறையும் அது விழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தொடையில் ஒரு துடிப்பு ஓடி அடங்கியது. தண்ணீர் அவர் முகத்துக்கு மேல் மூடிக்கொண்டது. என் மணிக்கட்டை அவர் விரல் ஒருமுறை அழுத்தியது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று இன்றும் எழுதத் தெரியவில்லை.

பிஷப் தலையசைத்தார். தமாயோ தலையசைத்த வேகத்தில் அவன் டையே தோளுக்குப் போய்விட்டது. எங்கள் ஆலயத்தில் கைதட்டும் வழக்கமில்லை. அது தெரியாத ஒரே ஆள் எழுந்து நின்று கைதட்டினார்.

"பார்த்தீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார் டோன்யா எல்வீரா. கண் நனைந்திருந்தது. "நாலு தடவை. ஒரு தையல் பிரியல!"

திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்ததும் அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"ஆள் எவ்வளவு எடை?"

"இருநூற்றெண்பது பவுண்டு."

"தனியாவா?"

"கடைசியில அவரும் கொஞ்சம் ஒத்துழைச்சார், அப்பா."

"ம்" என்றார் அப்பா. அந்த 'ம்' சற்று நீளமாக இருந்தது. பண்ணையாட்களில் யாரையோ கூப்பிட்டு அவர் அந்த எடையைத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது.

செவ்வாய் மாலை வகுப்பில் டான் மக்காரியோ முதல் ஆளாகக் கை தூக்கினார். நோட்டைத் தூரமாகப் பிடித்து, தன் ஐந்து வரிகளை ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"சனிக்கிழமை நான் தோற்றேன். மூன்று வரை எண்ணினேன். எழவில்லை. என்னைச் சாய்த்தவன் ஒல்லி. அவன் என் எல்டர்."

வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நோட்டை வாங்கித் திருத்தினேன். இரண்டு பிழைகள் இருந்தன. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடியில் 'எல்டர்' என்று சேர்த்து என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.