எட்டேகால் பஸ்

சோலையப்பனின் செல்போன் நான்கு நாட்களாக அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், போன்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம் வந்து, அடுப்படியில் நின்ற மனைவியிடம், "அமராவதி, ஒன் போன்லேர்ந்து எனக்கு ஒரு கால் போடு பாப்போம்" என்றார். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். போன் ஊரைக் கூட்டும் அளவுக்கு அலறியது. "நல்லாத்தானே இருக்கு" என்றாள் அமராவதி. கெட்டுப்போயிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்துப் போன் வரும். கஜா புயல் அடித்தபோது பத்தொன்பது நாள் கம்பத்திலேயே குடியிருந்தார் என்று சொன்னாலும் பொய்யில்லை. "இந்தச் சனியனைத் தூக்கிக் கெணத்துல போடணும்" என்று அந்தப் போனை அவர் திட்டாத நாள் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ரிட்டயரான அன்று கழுத்தில் மாலை போட்டு, வேன் வைத்துக் கொழுஞ்சிப்பட்டிக்குக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அதோடு சரி. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊரில் கரண்ட் போனது. விசிறியும் கையுமாகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. புது லைன்மேன் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விட்டான். முறைப்படி நடந்த காரியம், யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

வீட்டிலும் அவருக்கு இடமில்லை. அமராவதியின் வேலைகள் பால் கறப்பதில் ஆரம்பித்து ஒன்றன்பின் ஒன்றாக அதுபாட்டுக்கு நடக்கும். உதவிக்குப் போனால் இடைஞ்சலாகத்தான் இருந்தார். வீட்டிலிருந்த சுவிட்சுகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டி முடித்து, இரண்டாம் சுற்று ஆரம்பித்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கெருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இலுப்பூருக்குப் போயி மாட்டுக்குத் தவுடு சொல்லிட்டு வாங்க. அங்கிட்டு நாலு மனுசரைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

பைக் சர்வீசுக்குப் போயிருந்ததால் எட்டேகால் பஸ்ஸில் ஏறினார். கொழுஞ்சிப்பட்டிக்கு வருகிற ஒரே டவுன் பஸ் அதுதான். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று நடை. உள்ளே நிற்க இடமில்லை. ஐம்பது பேருக்குமேல் பெண்கள், ஆண்கள் இவரோடு சேர்த்து மூன்று பேர். கண்டக்டர் ஆனந்தராஜ் கம்பியில் சாய்ந்து, ஏறுகிறவர்களிடம் குசலம் விசாரித்துக்கொண்டு வந்தான். நல்ல பையன், எல்லார் வீட்டு விசேஷமும் தெரிந்தவன்.

"அண்ணே, நீங்க வந்த நேரம் பாருங்க, இந்த ரூட்டு நின்னுபோயிரும்போல" என்றான். "ஆளே ஏறலைன்னு டிப்போவுல சொல்றாங்க. வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து பத்து நாள் கணக்கு எடுக்கிறாங்க. அதுலயும் இப்படியே காட்டுச்சுன்னா அவ்வளவுதான்."

சோலையப்பன் முதுகில் ஒரு கூடையும், விலாவில் ஒரு முழங்கையும் இடிக்க நின்றுகொண்டிருந்தார். "ஆளே ஏறலையா? அப்ப இதெல்லாம் யாருப்பா?"

ஆனந்தராஜ் தலையைச் சொறிந்தான். "ஏறுறாங்கண்ணே. சீட்டு வாங்க மாட்டேங்கிறாங்க. பொம்பளையாளுகளுக்குக் காசு கெடையாதுல்ல, அப்புறம் பேப்பர் எதுக்குங்கிறாங்க. நானும் தெரிஞ்ச மனுசங்களாச்சேன்னு விட்டுட்டேன். மெஷின்ல அடிச்சாத்தான் ஏறுனதா அர்த்தம்."

ஆகக்கூடி, காகிதத்தில் பார்த்தால் இந்தப் பஸ் வருஷம் முழுக்க இரண்டு மூன்று ஆண்களை மட்டும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. இவ்வளவு பெண்களும் தினம் இடிபட்டு வந்தும் வராதவர்கள். பஸ் நின்றால் தைலமரக் காட்டு வழியாக நான்கு கிலோமீட்டர் நடந்துதான் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும். சோலையப்பனுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக அவருக்கு உருப்படியாக ஒரு கோபம்கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தவிடு சொல்ல மறந்து வீட்டுக்கு வந்தார். "பத்து நாளைக்கு நான் பஸ்ஸுல போறேன். மூணு நடையும்" என்றார்.

"பஸ்ஸுக்குக் காவலா?" என்று அமராவதி சிரித்தாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுத் தூக்கு தயாராக இருந்தது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றுவிடுவார். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "சீட்டு வாங்கிட்டியா? வாங்கு, வாங்கு. வாங்கலைன்னா நீ பஸ்லயே வரலைன்னு அர்த்தம்" என்பார். 'டிக்கெட் மாமா' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்காகவாவது வாங்கினார்கள். காது மந்தமான மீனம்மாள் கிழவி, வாங்கிய சீட்டை ஏதோ விபூதிப் பொட்டலம்போல வெற்றிலைப் பையில் பத்திரப்படுத்தினாள். ஆனந்தராஜும் கம்பியில் சாய்வதை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தான்.

செவந்தி மட்டும் வாங்கவில்லை.

செவந்தி இலுப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அரைநாள் போச்சு. புருஷன் போனபிறகு இரண்டு பெண் பிள்ளைகளை யார் தயவும் இல்லாமல் வளர்க்கிறாள். பஸ் நின்றால் முதல் அடி அவளுக்குத்தான். அப்படியும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் வாங்காததால் அவளோடு கடை வேலைக்குப் போகும் ஏழெட்டுப் பெண்களும் வாங்கவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்த சோலையப்பன், நாலாம் நாள் அவள் இருக்கைப் பக்கத்தில் போய் நின்று குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, காசா கேக்கிறாங்க? கைய நீட்டுறதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

அவள் சட்டென்று திரும்பினாள். "கைய நீட்டுறதுதாண்ணே கேடு. போன வருசம் இலுப்பூரு பஸ்ஸ்டாண்டுல ஒருத்தன், 'ஓசிக் கூட்டம் வந்து எறங்கிருச்சு'ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னான். நான் ஒழைச்சுச் சாப்புடுறவ. அன்னையிலேர்ந்து அந்தச் சீட்டை வாங்க ஒடம்பு கூசுது. சும்மா ஒரு ஓரமா உக்காந்து போயிட்டு வந்துடுறேன். விடுங்க."

சோலையப்பன் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அரசாங்கம், திட்டம், உரிமை என்று பெரிய பெரிய வார்த்தைகள். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"ஒரு ஓரமா உக்காந்து போயிட்டு வர்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. ரெண்டு மாசமா நான் அப்படித்தான் இருக்கேன். ஊருல கரண்ட் போச்சு, ஒரு ஆளு என்னைக் கூப்புடலை. காலையில எந்திரிக்கிறேன், எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியலை. இருக்கேன், ஆனா இல்லை. ஒனக்காச்சும், 'இந்தா, இவ வந்திருக்கா'ன்னு தெனம் ஒரு சீட்டு குடுக்கிறாங்க. எனக்கு அப்படி ஒண்ணு யாராச்சும் குடுத்தா நான் கும்புட்டு வாங்கிக்குவேன். வாங்கிக்க, தாயி."

கடைசி வார்த்தையில் குரல் கம்மிவிட்டது. ஐம்பது பேர் பார்க்க இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே தைலமரங்கள் போய்க்கொண்டிருந்தன. டிக்கெட் மாமாவை அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை.

இரண்டு ஸ்டாப் கழிந்தது. செவந்தி எழுந்து நின்றாள். "கண்டக்டரே, இலுப்பூரு ஒண்ணு" என்றாள். சத்தமாக, காசு கொடுத்து வாங்குகிறவளைப்போல. அவளுக்குப் பின்னாலிருந்து "இலுப்பூரு ஒண்ணு", "எனக்கொண்ணு" என்று கைகள் நீண்டன. ஆனந்தராஜின் மெஷின் கறகறவென்று பேப்பரைத் துப்பிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் அவர் மேல் வேலைகள் ஏற ஆரம்பித்தன. ஊருக்கும் இலுப்பூருக்கும் நாளுக்கு மூன்று தரம் சும்மா போய்வருகிற ஆளை யார் விடுவார்கள்? மீனம்மாளுக்குப் பிரஷர் மாத்திரை, ஒரு வீட்டு மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் காயில், செவந்தி மறந்துவிட்டு வந்த சோற்று டப்பா. சட்டைப்பையில் துண்டுச் சீட்டுகள் சேர்ந்தன. "இதென்ன கூரியர் கம்பெனியா நடத்துறேன்?" என்று எரிந்து விழுவார். ஒன்றையும் மறக்கமாட்டார். அமராவதிக்குத் தவிடு மட்டும் பத்து நாளும் வந்து சேரவில்லை.

கணக்கெடுப்பு முடிந்த பிறகும், முடிவு தெரியட்டும் என்று சோலையப்பன் போய்வந்தார். ஒரு வாரம் கழித்து ஆனந்தராஜ் சேதி கொண்டுவந்தான். மத்தியான நடை போய்விட்டது. காலையும் சாயங்காலமும் நிற்காமல் ஓடும். முழு ஜெயம் இல்லைதான். ஆனாலும் செவந்தி அன்றைக்கு எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள். சோலையப்பன் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஐந்துக்கே எழுந்து, குளித்து, சட்டையை மாட்டிப் பாதிப் பொத்தான் போட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. போகிற காரியம் முடிந்துவிட்டது. பஸ்ஸுக்கு இனிக் காவல் வேண்டியதில்லை. சீட்டு வாங்க எல்லாருக்கும் பழகிவிட்டது. சர்வீசுக்குப் போன பைக்கும் பளபளவென்று வாசலில் நிற்கிறது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சுவிட்ச் போர்டு தெரிந்தது. மறுபடியும் இதுதானா என்று நினைத்தார்.

எட்டேகாலுக்குப் பஸ் வந்த சத்தம் கேட்டது. புறப்பட்ட சத்தம் கேட்கவில்லை. ஹாரன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும். ரோட்டில் மாடு ஏதாவது படுத்திருக்கும் என்று நினைத்தார்.

போன் அடித்தது.

அமராவதிதான் விளையாடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையிலும் சாணியோடு நின்றாள். எடுத்தார்.

"அண்ணே, செவந்தி பேசுறேன். எங்கிட்டு இருக்கீங்க? பஸ்ஸு நிக்கிது."

"ஏன், ரிப்பேரா?"

"நீங்க ஏறலைல்ல? கண்டக்டரு விசிலடிக்க மாட்டேங்கிறாரு. ஒரு ஆளு கொறையுதாம்."

"எனக்கு இன்னைக்கி வேலை ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

"ஒங்களுக்கு இல்லாட்டி என்ன? மீனம்மா ஆத்தா மாத்திரை அட்டைய வச்சுக்கிட்டு நிக்கிது. மூணு பேரு துண்டுச்சீட்டோட நிக்கிறாங்க. ஓடியாங்கண்ணே, ஒம்போதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

ஆணியிலிருந்து சட்டையைப் பிடுங்கினார். "செருப்பு, செருப்பு" என்று அமராவதி கத்தினாள். "தவுட்டை மறந்துட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்!" என்று பின்னாலேயே வந்தது அவள் குரல். அறுபது வயசு மனுஷன் தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது.

ஒரு பொத்தானைத் தள்ளிப் போட்ட சட்டையோடு, மூச்சு வாங்கப் படியில் ஏறினார். எல்லா முகங்களும் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கண் கலங்கியிருந்தது. சில்லறையைத் துழாவி நீட்டினார். ஆனந்தராஜ் மெஷினை அழுத்திச் சீட்டைக் கிழித்து, அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"டிக்கெட் மாமா வந்தாச்சு" என்றான். "போலாம் ரைட்!"